அடைப்புக்குறிக்குள் பெரியப்பா

பட்டியல் போடுகிறவள் கனவு காணக் கூடாது. நான் இரண்டையும் ஒரே மதியத்தில் செய்தேன்.

அக்கா கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. பத்திரிகை உறைகளில் பெயர் அச்சிட்டு ஒட்டுவது என் பொறுப்பு (கம்ப்யூட்டர் படித்த பாவம்). மடிக்கணினியில் ஒரு பக்கம் உறைப் பட்டியல். மறுபக்கம், நான் எழுதிவரும் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு விவாதம். ஒரே பெயரில் பல கட்டுரைகள் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அடையாளம் போடுவோம். ஆனால் அடைப்புக்குறி இல்லாத வெறும் பெயர் யாருக்கு? எல்லோரும் தேடுகிறவருக்கு என்று நான் வாதாடிக்கொண்டிருந்தேன். வெளியே தூறல். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் தாலாட்டியது. உலகத்துப் பெயர்களெல்லாம் ஆளுக்கொரு அடைப்புக்குறியைப் போர்த்திக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தது.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்று கூப்பிட்டால் நான்கு ஜன்னல்கள் திறக்கும். பட்டியலிலும் நான்கு பேர். அரைத் தூக்கத்தில் அதே விதியைப் போட்டேன்: ஏகாம்பரம் (சாயம்), ஏகாம்பரம் (மாடி வீடு), ஏகாம்பரம் (சண்டை). எண்ணெய்க் கடைக்காரரை ஊரே அறியும். அவர் வெறும் ஏகாம்பரம். அப்படியே அச்சாயிற்று.

'சண்டை' என் பெரியப்பா. காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்ட யாருக்கு முதலிடம் என்பதில் அப்பாவோடு முறைத்துக்கொண்டு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அண்ணன் வராத கல்யாணம் என்ன கல்யாணம் என்று அப்பா உருகிக்கொண்டிருந்தார். அண்ணன் வீட்டுக்குப் போய், கூச்சத்தில் உறையைப் பார்க்காமலே தட்டில் வைத்து நீட்டிவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் பெரியப்பா உறையோடு வாசலில் நின்றார். வாங்கிப் படித்த அப்பாவுக்கு முகம் வெளுத்தது.

"சண்டைன்னு போட்டுக்கிறது சரிதான். போட்டேன், இல்லன்னு சொல்லல. எண்ணெய்க் கடைக்காரனுக்கு மட்டும் ஏன்டா ஒண்ணும் போடல? ஊருக்கு அவன் ஒருத்தன்தான் ஏகாம்பரமா?"

ஆறு வருடம் கழித்து அவர் அப்பாவிடம் பேசிய முதல் பேச்சு இது. அப்பா என்னைப் பார்த்தார். நான் (அந்த நேரத்திலும்) விதியை விளக்கினேன்: அதிகம் பேர் தேடுகிறவருக்கு வெறும் பெயர்.

"அவன யாரும்மா தேடறாங்க? உங்கப்பன் ஆறு வருசமா யாரத் தேடிக்கினு இருந்தான், கேளு."

அப்பா தரையைப் பார்த்தபடி, "உன்னத்தாண்ணா" என்றார்.

அன்றே புது உறை அச்சிட்டேன். கலைக்களஞ்சியத்திலும் என் வாதத்தைத் திரும்பப் பெற்றேன்: வெறும் பெயர் யாருக்கும் வேண்டாம், பட்டியல் இருக்கட்டும், தேடுகிறவர் தமக்கு வேண்டியவரை எடுத்துக்கொள்ளட்டும்.

கல்யாணத்தில் பந்தியை நடத்தியவர் பெரியப்பாதான். பழைய உறையை மட்டும் திருப்பித் தரவில்லை. இன்றும் போனில், "ஏகாம்பரம் பேசறேம்மா" என்பார். எந்த ஏகாம்பரம் என்று கேட்பேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டம் வாங்கியவரைப்போல் சொல்வார்: "சண்டை."