ரகம் மாமியும் மேற்கோள் குறிக்குள் சிக்கிய ‘நோ’வும்

கேட்ட கேள்விக்குப் பதில் வாங்குவதில் ரகம் மாமியை மிஞ்சிய வக்கீலோ போலீஸ்காரரோ திருவனந்தபுரத்தில் இன்றுவரை பிறக்கவில்லை.

ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி. ஐந்து பேர், நாளுக்கு ஐந்நூறு தும்மல். கம்ப்யூட்டரில் தமிழும் மலையாளமும் எழுதுவதற்கான எடிட்டர் ஒன்றைச் செய்து விற்றுக்கொண்டிருந்தோம். மாமி கிழக்கேகோட்டை அக்ரகாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். புரோகிராம் எழுதுவதில் மற்ற நால்வரும் சேர்ந்தாலும் அவருக்கு ஈடாகாது. யார் எதைச் சொன்னாலும், “அது என்ன ரகம்?” என்பார். எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா? மூன்றில் ஒன்றில் அடங்காத பதிலை அவர் காது ஏற்காது.

ஒருநாள் டீக்கடைக்காரர் என்னிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். “கொஞ்சம்” என்றேன். மாமி திரும்பினார்.

“அவர் எண்ணைக் கேக்கறார், நீங்க எழுத்தைக் குடுக்கறேளே! எத்தனை ஸ்பூன் ஆக்கும்?”

எங்கள் முதலாளி நாகர்கோவில்காரர். நாளைய மீட்டிங்குக்கு வருவாரா என்று மாமி கேட்டதற்கு, “பாத்துக்கிடலாம்” என்றார்.

“வருவேளா, மாட்டேளா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ.”

“அதான் சொல்லியாச்சுல்லா, பாத்துக்கிடலாம்னு!”

மாமி நோட்டில் ‘மாட்டார்’ என்று எழுதிக்கொண்டார். மறுநாள் முதலாளி வந்தபோது அவருக்கு நாற்காலி இல்லை.

இப்படி எல்லாருக்கும் சிரிப்பாக இருந்த மாமியை, ஒரு போன் வேறு ஆளாகக் காட்டியது. பேசியவர் எங்கள் ஊருக்குக் கிழக்கே மலையடிவாரக் கல்லாற்றில் இருக்கும் ஒரு பஸ் கண்டக்டர். எஸ்டேட் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். எஸ்டேட் திருவிழாவுக்காக எங்கள் எடிட்டரில் ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார்.

“சாரே, என் நாடகத்தோட பழைய பிரதி எல்லாம் போயாச்சு. கடைசி சீன் அதுலதான் கிடந்தது. ‘பழைய பிரதிகளை அழிக்கவா?’ங்கற இடத்துல நான் ‘நோ’ன்னுதானே எழுதி வச்சேன்? பின்னே எதுக்கு அழிச்சது?”

எடிட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்த செட்டிங்ஸ் ஃபைலை வரவழைத்துப் பார்த்தோம். ‘நோ’ என்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருந்தது. மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது ஆம்-இல்லை ரகம் அல்ல, வெறும் எழுத்து. எங்கள் எடிட்டரோ என்ன ரகம் என்று பார்க்காமல், அந்த இடத்தில் ஏதாவது இருந்தாலே ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

“குறி போட்டது அவரு தப்புல்லா?” என்றார் முதலாளி.

“நோன்னு எழுதியிருக்கார். இதைவிடத் தெளிவா ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்?” மாமியின் குரல் கீழே மிளகாய்க் கடைவரை கேட்டிருக்கும்.

“செரி, புரோகிராம்ல அந்த வரிய எழுதினது யாரு?”

எழுதியவன் நான். மாமிக்கும் அது தெரியும்.

“நாம எழுதினது” என்றார் மாமி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு கல்லாறு பஸ் ஏறினார். ஆற்றோர டீக்கடையில் கண்டக்டரை உட்காரவைத்து, மடியில் லேப்டாப்பைத் திறந்தார். “நாங்கதான் அழிச்சோம். மனசுல இருக்கறதைச் சொல்லுங்கோ, அடிச்சுத் தரேன்.”

கண்டக்டர் சொல்லச் சொல்ல மாமி அடித்தார். ஒத்திகையை வேடிக்கை பார்த்திருந்த டீக்கடைக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. கதாநாயகி கடைசியில் அழுகிறாளா இல்லையா என்பதில் கடைக்காரருக்கும் ஒரு ஜீப் டிரைவருக்கும் கைகலப்பே வந்திருக்கும்.

“அழறாளா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு!” என்று அதட்டினார் மாமி.

கண்டக்டர் யோசித்தார். “அழ வந்து… அடக்கிக்கிடறா, அம்மா.”

மாமியின் விரல்கள் நின்றன. ரெண்டிலும் சேராத அந்தப் பதிலை, வாழ்க்கையில் முதல்முறையாக, மறு பேச்சில்லாமல் அப்படியே அடித்தார்.

திரும்பி வந்ததும் எடிட்டரின் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ரகம் பார்க்கும் புரோகிராம் ஒன்றை எழுதினார். அதை ஓட்டிய முதல் நாளே முதலாளியின் கம்ப்யூட்டர் அவர்மீது ஒன்பது குற்றங்களைப் பட்டியலிட்டது. எழுத்தின் அளவைக் கேட்ட இடத்தில் ‘பெருசு’ என்று எழுதி வைத்திருந்தார் மனிதர்.

“என் கம்பெனியில என்னையே கேள்வி கேக்குது!” என்று குதித்தவர், திரையில் வந்ததை மறுபடி படித்துவிட்டு அமைதியானார். மாமி அதை வெறும் ‘பிழை’ என்று விட்டிருக்கவில்லை. எந்த வரி, என்ன வரவேண்டும், நீங்கள் எழுதியிருப்பது என்ன என்று எடிட்டர் வரிசையாகச் சொல்லும். அழிக்கிற சமாசாரமாக இருந்தால் கீழே இன்னொரு வரியும் வரும்: ‘நீங்கள் சரிசெய்யும்வரை எதையும் அழிக்க மாட்டேன்.’

திருவிழாவில் நாடகம் நடந்தது. கடைசி சீனில் கதாநாயகி அடக்கிக்கொண்டாள். முன்வரிசையில் மாமியால் முடியவில்லை.

இப்போது நான் கழக்கூட்டத்தில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். போன வாரம் பக்கத்து சீட்டுப் பெண் எங்கள் பழைய எடிட்டரைத் திறந்து வைத்திருந்தாள்.

“சேட்டா, இது பாருங்க. செட்டிங்ஸ்ல தப்பா எழுதினாகூட எவ்வளவு மரியாதையாச் சொல்லுது! யாரோ நல்ல மனசுள்ளவங்க எழுதியிருக்காங்க.”

“யாரோ இல்ல” என்றேன். “எங்க மாமி.”