செல்லமுத்துவைக் காக்க வைத்த செயற்கைக்கோள்

வாழ்க்கையில் நான் பல பேரைக் காக்க வைத்திருக்கிறேன். பேருந்து நடத்துநர், பல் மருத்துவர், கல்யாணத்துக்கு முன்பு என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார். ஆனால் இறந்துபோன ஒருவரைக் காக்க வைத்தது ஒரே ஒரு முறைதான். அதற்கு இன்னும் எனக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டதா என்று தெரியவில்லை.

அப்போது நான் ஆய்வு மாணவி. வானத்தின் மேலடுக்கில் இருக்கும் ஓசோனையும், காற்றில் மிதக்கும் தூசி, புகை, உப்புத் துகள்களையும் செயற்கைக்கோள் மேலிருந்து அளக்கிறது. அது சொல்வது சரிதானா என்று, அது தலைக்கு மேல் கடக்கிற அதே நேரத்தில், கீழிருந்து ஒருவர் சூரியனை நோக்கிக் கருவியைப் பிடித்து அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நான். (ஊரில் கேட்டவர்களிடம் "விண்வெளி ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லிக்கொள்வேன். கேட்க நன்றாக இருந்தது.)

கருவி ஒன்றுதான். அதற்குப் பல மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம், அதுவும் ஐப்பசியில். காரைக்காலில் என் வீடு இருந்த கோவில்பத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் கருக்களாச்சேரிக்குப் போய், கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கருவியோடு நிற்பேன். ஆறு நாளும் மேகம். ஏழாம் நாள், கடைசி நாள், வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தெருவிலும் அழுதுகொண்டிருந்தார்கள். இரண்டு வீடு தள்ளி, செல்லமுத்து என்கிற பெரியவர் முந்தின நாள் இறந்திருந்தார். வாசலில் பந்தல், பறை, சாக்கு நிறைய வெடி. ஒரு மணிக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். என் கணக்குப்படி செயற்கைக்கோள் கடப்பது ஒன்று ஐந்துக்கு. வெடிப்புகை எனக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்தால் அளவு கெட்டுப்போகும்.

நல்ல மனுஷியாக இருந்தால் கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு மாலை வாங்கிக்கொண்டு போயிருப்பாள். நான் மாலை இல்லாமல் போனேன். செல்லமுத்துவின் மகன் முருகையனுக்கு நாற்பது வயதிருக்கும். அழுது கண் வீங்கிப்போய் நின்றவரிடம், "அண்ணே, ஒரு கால் மணி நேரம் வெடி போடாம இருக்க முடியுங்களா? ஒன்னு அஞ்சுக்கு சாட்டிலைட் நம்ம ஊருக்கு மேல போகுது" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சாட்டிலைட்டா? மேலேர்ந்து நம்ம ஊரைப் பாக்குதா?"

"ஆமாண்ணே."

எல்லாக் கேட்டுக்கும் காரணம் அந்த ஒரு "ஆமாண்ணே"தான். அது காற்றைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"டேய், வெடிய நிறுத்துங்கடா! அப்பாவை மேலேர்ந்து படம் எடுக்கப் போறாங்களாம்!"

பறை நின்றது. நான்கு பேர் பாடையைப் பந்தலுக்கு வெளியே, நல்ல வெயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் மாலையை ஒதுக்கி முகம் தெரியும்படி செய்தார். செல்லமுத்துவின் மனைவி அஞ்சம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "கண்ணாடி இல்லாம அவருக்கு முகமே வேற மாதிரி இருக்கும்ப்பா. போட்டு விடுங்க" என்றார். உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடி வந்தது. போட்டுவிட்டார்கள்.

அது ஆளை எடுக்காது என்று சொல்லாமலே ஓடிப்போய் மாடியில் ஏறிக்கொண்டேன். கீழே தெரு முழுக்க ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, அசையாமல் நின்றார்கள். குழந்தைகளைக் கூட நேராக நிற்க வைத்திருந்தார்கள். கடல் சத்தம் மட்டும்தான். நான் அளவெடுத்தேன். முடிந்ததும் கையை ஆட்டினேன். முருகையன் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு பறை முழங்க, வெடி வெடிக்க, செல்லமுத்து புறப்பட்டார்.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஒப்பிட்டேன். எண்கள் ஒட்டவே இல்லை. செயற்கைக்கோள் கடக்கும் நேர அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அதில் இருப்பது உலக நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். நான் ஐந்து மட்டும் கூட்டியிருந்தேன். செயற்கைக்கோள் கடந்தது ஒன்று முப்பத்தைந்துக்கு. தெரு முழுக்க வெடிப்புகை மண்டிக் கிடந்த நேரம். (இயற்பியலில் முதுகலை, முதல் வகுப்பு.)

கருவி மறுநாள் கைமாறிவிட்டது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை முருகையனிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, படம் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லண்ணே." நான்கு முறை இப்படிச் சொன்னேன். ஐந்தாவது முறை பேசியவர் முருகையன் இல்லை, அஞ்சம்மாள். "கருமாதிக்கு வாம்மா. வரும்போது படத்தை எடுத்துக்கிட்டு வந்துடு."

பதினாறாம் நாள் போனேன். கையில், செல்லமுத்துவை எடுத்த அன்று செயற்கைக்கோள் அளந்த ஓசோன் படம். காகிதம் முழுக்க வண்ணக் கட்டங்கள். முருகையனும் அஞ்சம்மாளும் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அது ஆளைப் படம் எடுக்காது. காத்தைத்தான் அளக்கும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதுவும் இல்லாம, நான் நேரத்தைத் தப்பாப் போட்டுட்டேன். நீங்கள்லாம் நின்னப்போ மேல ஒண்ணுமே இல்ல."

முருகையன் கேட்டார். "அப்ப அப்பாவை வெயில்ல வெச்சுக்கிட்டு சும்மாவா நின்னோம்?"

"சும்மாதாண்ணே."

அஞ்சம்மாள்தான் பேசினார். "என்னடா சும்மா? எடுக்கணும் எடுக்கணும்னு எல்லாரும் பறந்தீங்க. அதுக்கப்புறம் கா மணி நேரம் அவரு வாசல்ல இருந்தாரு. நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் அழுதுவிட்டேன். அஞ்சம்மாள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, "நம்ம ஊரு எது?" என்றார். ஒரு பச்சைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன். காரைக்கால், திருப்பட்டினம், பட்டினச்சேரி எல்லாம் சேர்த்து அந்த ஒரு கட்டம்தான் என்றேன்.

"பட்டினச்சேரியுமா?"

"ஆமாங்கம்மா."

"அங்க எங்க தம்பி இருக்கான். இருபது வருஷமா இவரு அவனோட பேசுறது இல்ல. ஒரு பந்தியில உக்கார மாட்டாரு. கடைசியில அவனோட ஒரே கட்டத்துல போட்டு அடைச்சிட்டியேம்மா!" என்று சொல்லிவிட்டு, அஞ்சம்மாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முருகையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வேட்டில் அந்த நாளை விட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் ஏன் என்று கேட்டார்கள். "மேகம்" என்றேன்.

என் கல்யாணத்துக்கு அவர்கள் குடும்பமே வந்தது. வரவேற்பில் புகைப்படக்காரர் ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டு, எல்லோரும் மேலே பாருங்கள் என்று கத்தினார். எல்லோரும் நிமிர்ந்தோம். அஞ்சம்மாள் மட்டும் நிமிரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தபடி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி என்னைக் கேட்டார்.

"ஏம்மா, இது ஆளை எடுக்குறதா, காத்தை எடுக்குறதா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் போனை நீட்டிப் படம் எடுக்க வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். என் மகளுக்கு நான்கு வயது. அவளும் கேட்கிறாள்.