ஏழாவது வயல்

உழவர் குழு ஒட்டிய அறுவடைப் பட்டியலில் பச்சையப்பனின் வயல் ஏழாவதாக, கடைசியாக இருந்தது. சோரியாங்குப்பத்தில் நான்கு தலைமுறையாக முதல் அறுப்பு அவர்கள் குடும்பத்து வயலில்தான். அந்த மானத்துக்காகவே இந்தப் பட்டத்தில் எல்லோருக்கும் முந்தி நட்டிருந்தார்.

நாளை மறுநாள் புயல் என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது.

"யாரு போட்ட லிஸ்ட்டு இது?"

"கம்ப்யூட்டர் போட்டது, பெரியப்பா," என்றாள் தம்பி மகள் அருள்மொழி. குழுவில் கணக்கும் திட்டமும் அவள் பொறுப்பு. "எந்த வரிசையில அறுத்தா மொத்த நட்டம் கம்மியோ, அந்த வரிசை. குழு மிஷினு மத்த ஆறு பேருக்கும் ஆளுக்குப் பத்து நிமிஷம். உங்களுக்கு மூணு மணி நேரம்."

"பத்து நிமிஷத்துக்காரனுங்க எனக்கு முன்னாடியா? பச்சையா நிக்கிற பயிருக்கு முதல் இடம், பழுத்த நெல்லுக்குக் கடைசியா? உன் கம்ப்யூட்டருக்கு இன்னா கண்ணு அவிஞ்சி போச்சா?"

"காரணம் இருக்கு பெரியப்பா. கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்தார். திருக்கனூரிலிருந்து தன் பொறுப்பில் ஒரு அறுப்பு மிஷினை வரவழைத்தார்.

டிரைவர் பாக்யராஜ் இறங்கிப் பார்த்தான். ரோட்டிலிருந்து வரிசையாக ஆறு பேருடைய பயிர்; அதைத் தாண்டிக் கடைசியில் பெரியவர் வயல்.

"வழி எங்கய்யா?"

"வாய்க்கா கரை மேல போ. எங்க தாத்தா போட்ட கரைடா, யானையே போகும்."

"யானை வுழுந்தா எழுந்துக்கும்யா. இது எழுந்துக்காது."

"நான் நிக்கிறேன், போடா!"

இருபதாவது அடியில் கரை உள்வாங்கியது. மிஷின் வாய்க்காலுக்குள் சாய்ந்து படுத்தது. இழுக்க ஒரு டிராக்டர் வந்தது, அது புதைந்தது. அதை இழுக்க இன்னொன்று வந்து கிளறியதில் மிச்சக் கரையும் பெயர்ந்து, வாய்க்கால் தண்ணீர் நேராகப் பெரியவர் வயலுக்குள் இறங்கியது. அவர் பெயரை அடித்திருந்தும் வந்த குழுவின் மிஷின், ரோட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை டிராக்டர்களால் அடைபட்டுக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

சொன்ன நாளுக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. நான்கு மாதப் பாடு கண்ணெதிரே தண்ணீரில் படுத்தது. அருள்மொழி நீட்டிய குடையைத் தள்ளிவிட்டுப் பச்சையப்பன் நிமிர்ந்தே நின்றார்.

"என்னைக் கடைசியில தள்ளினீங்களே, இப்ப ஆறு பேருக்கும் குளுந்துச்சா?"

பக்கத்து வயல் காசம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க பயிரு அறுப்புக்கு இன்னும் இருவது நாளு கிடக்கு, பெரியவரே, உங்க நெல்லு வூடு சேரட்டும்னு, மிஷினு போற அகலத்துக்கு ஆளுக்கு ஒரு பட்டை பச்சையாவே அறுத்து வழி வுட ஒத்துக்கினோம், சொன்னா உங்களுக்கு மானக்கேடா பூடும்னு அந்தப் பொண்ணு வாயையும் நாங்கதான் கட்டி வெச்சோம்."