ஜன்னலுக்கு ஆசைப்பட்ட ரம்பம்

இதை நான் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். பின்னால் நடந்ததை மறந்தே விடுவேன். என் வீட்டுக்காரர் அசோகன் சொன்னால் கோர்வையாகச் சொல்லுவார். ஆனால் அவர் சொல்லும் கதையில் கடைசியில் ஜெயிப்பது அவராகத்தான் இருக்கும். அதனால் நானே சொல்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஹவுசிங் போர்டு இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. ஜன்னல் என்று சொல்லும்படி அதில் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் பக்கத்து பிளாக்கின் சுவரை முறைத்துக்கொண்டிருக்கும் ஓட்டைகள். அந்த ஒரு ஜன்னலில் ஹார்பர் கிரேன் தெரியும். மூன்று மணிக்குக் கடல் காற்று வரும். அதன் கீழேதான் பதினேழு வருஷமாக என் தையல் மிஷின் நிற்கிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது அந்த வெளிச்சம்தான் எனக்குக் கண்.

அந்த ஜன்னல் மேல்தான் என் வீட்டுக்காரர் ஆசை வைத்தார்.

அவர் எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். காலை ஷிஃப்ட்டுக்கு ஐந்து மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வருவார். வந்ததும் போனில் வெள்ளைக்காரர்கள் மரத்தில் மான், மயில், மாதா கோவில் எல்லாம் வெட்டுவதைப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து ஒரு நாள் அந்த மிஷினையே வாங்கி வந்து மேஜைமேல் வைத்துவிட்டார். ஸ்க்ரோல் சா என்று பேராம். நூல் மாதிரி மெல்லிய ரம்ப பிளேடு ஒன்று நிமிர்ந்து நின்று மேலும் கீழும் குதிக்கும். நாம் பலகையை அதற்குள் நகர்த்தி, வளைத்து வளைத்து வெட்ட வேண்டும்.

"மே, இத நீ தொடவே கூடாது. வெரலு பூடும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் ஏன் தொடுகிறேன்? அவர் விரல் போய்விடுமே என்றுதான் எனக்குக் கவலை. அவர் வேலை முடிந்து எழுந்ததும் பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் டீ கொடுப்பேன்.

முதலில் சாவி மாட்ட ஒரு யானை செய்தார். கீழ்வீட்டு பதுருன்னிசா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எலி சூப்பரா கீதுண்ணே" என்றாள். நான் பன்றி என்று நினைத்திருந்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளே தும்பிக்கை உடைந்துவிட்டது. இப்போது வாலில் சாவி மாட்டுகிறோம்.

மார்ச் கடைசியில் ஒரு சாயந்தரம், டீ டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரமா, ஒரு முடிவு பண்ட்டேன்."

அவர் முடிவு பண்ணினால் வீட்டில் ஏதாவது இடம் மாறும். போன தடவை முடிவு பண்ணியபோது பீரோ வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. மூன்று நாள் எல்லாரும் பக்கவாட்டில்தான் வீட்டுக்குள் வந்தோம்.

"இன்னா முடிவு?"

"ரம்பம் ஜன்னலாண்ட வருது."

"அங்க என் மிஷினு கீதே?"

"அது பாத்ரூமாண்ட போவுது."

"அங்க இருட்டுய்யா!"

"லைட்டு போட்டுக்கோ. நான் செய்றது கலை மே. கலைக்கு வெளிச்சம் வோணும். ஜாக்கெட்டுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்?"

"இருட்டுல ஜாக்கெட்டு கையி மாறிப் போச்சின்னா?"

"போட்டுக்கிறவங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க."

எனக்குச் சண்டை போட வராது. வார்த்தை சிக்கும். அந்த நேரம் பதுரக்கா கையில் கரண்டியோடு படியேறி வந்தாள்.

"அண்ணே, நீ ரம்பத்த போட்டா எங்க வூட்டு அலமாரில டம்ளருங்க நடந்து போவுது. இன்னிக்கி ஒண்ணு கீழ குதிச்சி உயிர விட்டுடுச்சி. இன்னா பண்ணலாம்னு கீற?"

"ஜன்னலாண்ட மாத்திட்டா சரியாப் பூடும்."

"ரமா எங்க போவா?"

"பாத்ரூமாண்ட."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணவர் அத்தாவுல்லா பாய்க்கு வண்ணாரப்பேட்டையில் பிளைவுட் கடை. இவருக்குத் துண்டுப் பலகை வருவது அங்கிருந்துதான். அதனால் அவள் சொன்னால் இவர் கொஞ்சம் கேட்பார்.

"நம்ம தெரு படிப்பகத்துக்கு அசோக சக்கரம் செஞ்சி தரேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியே, அத மொதல்ல முடி. ஏப்ரல் பதினாலு விழாவுல மாட்டிக் காட்டு. அப்பறம் ஜன்னல எடுத்துக்கோ. முடியலன்னா, ரமா காட்ற மூலைக்கு ரம்பம் போவணும். சரியா?"

"டபுள் சரி. சக்கரம் செய்ய அசோகனுக்கே சொல்லித் தரணுமா?"

இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

சக்கரம் என்றால் லேசு இல்லை. ஒன்றரை அடி வட்டப் பலகை. இருபத்து நாலு ஆரக்கால். ஒவ்வொரு காலுக்கும் நடுவில் இருக்கும் மரத்தை வெட்டி எடுக்க வேண்டும். அதாவது இருபத்து நாலு சந்து. சந்துக்குச் சந்து துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி வெட்ட வேண்டும்.

முதல் சக்கரம் பத்தொன்பது காலோடு நின்றது. மிச்சம் ஐந்து உடைந்துவிட்டது. இரண்டாவதில் இருபத்து இரண்டு கால் வந்தது. சரி, முன்னேற்றம் என்று நினைத்தேன். மூன்றாவது நடுவிலேயே பிளந்துவிட்டது. பிளேடு ஒரு நாளைக்கு ஏழு எட்டு உடைந்தது. அவை உடையும் சத்தத்தில் நான் நாலு ஜாக்கெட்டைக் கோணலாகத் தைத்தேன்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தபோது எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுவதுபோல் பலகையைத் தள்ளுகிறார். தையலில் துணியைத் தள்ளினால் ஊசி உடையும். துணியை ஊசியே இழுத்துக்கொள்ளும், நாம் திருப்பிவிட்டால் போதும். மூலை வந்தால் ஊசியை உள்ளேயே நிறுத்திக்கொண்டு துணியைத் திருப்ப வேண்டும். இதுவும் அப்படித்தானே?

"ஏங்க, கொஞ்சம் மெதுவா வுட்டா..."

"மே, இது மரம். உன் டூ பை டூ ஜாக்கெட்டுத் துணி கெடையாது."

போய்க் கோணல் ஜாக்கெட்டைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

இப்படியே ஏப்ரல் பதினொன்று வந்தது. படிப்பகச் செயலாளர் வேலப்பன், 'சக்கர வடிவமைப்பு: மரக்கலைஞர் அசோகன்' என்று நோட்டீஸே அடித்துவிட்டார். இவருக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் பயம். சக்கரம் முடியாவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது. முடிந்தால் ஜன்னல் போய்விடும்.

பன்னிரண்டாம் தேதி, விடிவதற்கு முன்னால் எழுந்து நாலாவது பலகையில் உட்கார்ந்தார். ஆறு சந்து வெட்டினார். கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் அப்படியே விட்டுவிட்டு ஓடினார். போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் பெயில் என்று தெரிந்தும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் முகம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். கதவைத் தாழ் போட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ரம்பத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

சுவிட்சைப் போட்டதும் பயத்தில் இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டேன். முதல் சந்து முடிவதற்குள் அந்தப் பயம் போய்விட்டது. என் மிஷினுக்குக் கால் வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம். மூலையில் அவசரப்படாமல் பலகையைத் திருப்பினேன். வெட்டிய துண்டு டக்கென்று தானாகக் கீழே விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. இரண்டு, மூன்று, நாலு என்று போய்க்கொண்டே இருந்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பதினெட்டாவது துண்டு விழுந்தபோது ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. இருபத்து நாலு காலையும் எண்ணினேன். பிறகு என் பத்து விரலையும் எண்ணினேன். எல்லாம் இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. அடிப்பாவி, உன் ஜன்னலை நீயே வெட்டிக் கொடுத்துவிட்டாயே!

எங்கே ஒளிக்கலாம் என்று யோசிப்பதற்குள் அவர் வந்து கதவைத் தட்டிவிட்டார். தாழைத் திறந்தேன். மேஜையைப் பார்த்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ரமா... நான் காலைல ஆறுதானே வெட்டினேன்?"

தொட்டதற்குத் திட்டுவாரோ என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஆறா? முழுசா முடிச்சிட்டுத்தானே பஸ்ஸுக்கு ஓடினீங்க?"

"நானா?"

"பின்ன, நானா?"

மேலே பார்த்தார். கீழே பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"ஆங்... ஆமா ஆமா. தூக்கக் கலக்கத்துல வெட்டிக்கினேன் போலக்கீது. கையி தானா பேசும் மே. அதான் கலை."

உடனே டேப்பை எடுத்துக்கொண்டு வந்து பாத்ரூம் பக்கம் இடத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினாலாம் தேதி சாயந்தரம். நீலப் பெயின்ட் அடித்த சக்கரத்தைப் படிப்பகத்தின் வாசல் வளைவில் மாட்டினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கலைக்கு வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்று பேசினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாத்ரூம் லைட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தாவுல்லா பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சக்கரத்துக்கு அடியில் போய் நின்றார். முப்பது வருஷமாகப் பலகையைப் பார்க்கிற கண்.

"அசோகா, இதுல ரெண்டு கையி கீதே."

"ரெண்டு கையாலதான் பாய் வெட்டணும்."

"அது இல்லப்பா. பதினெட்டு சந்து அடிஸ்கேல் வச்ச மாதிரி கீது. ஆறு சந்து மட்டும் காசிமேட்டு அலை மாதிரி கீது. யாரு அந்தப் பதினெட்டு?"

"எல்லாம் மூடுதான் பாய். மூடு மாறுச்சின்னா கையி மாறும்."

"அப்டியா? எங்க, நல்ல மூடுல ஒண்ணு வெட்டிக் காட்டு. கண்ணால பாத்துக்கிறேன்."

கூட்டத்துக்கு இது போதாதா? அடுத்த நிமிஷம் நாலு பேர் ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து ரம்பத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாய் ஒரு துண்டுப் பலகையில் கோடு போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் என்னை ஓரமாக இழுத்தார். நெற்றியில் அப்படி ஒரு வியர்வை.

"ரமா, மணிக்கட்டு புடிச்சிக்கிச்சி."

"எப்போ?"

"இப்போ."

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கையில சுளுக்கு. நான் சுவிட்சப் போட்டு வழி சொல்றேன். என் சம்சாரம் சும்மா பலகைய மட்டும் புடிச்சிப்பா."

அந்த மிஷினில் பலகையைப் பிடிப்பதுதான் வேலையே. மிச்சம் வெறும் சுவிட்ச்.

அத்தனை பேர் நடுவில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பிளேடு குதிக்க ஆரம்பித்ததும் கோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இவர் பக்கத்தில் நின்று, "லெஃப்ட்டு... லெஃப்ட்டு... இப்போ ரைட்டு..." என்றார். அவர் லெஃப்ட்டு என்று சொல்லும்போது நான் ரைட்டில் இருந்தேன். ரைட்டு என்று சொல்லும்போது துண்டு கீழே விழுந்துவிட்டது.

பதுரக்காவால் அடக்க முடியவில்லை. "அண்ணே, வண்டி போனப்பறம் கொடி காட்டிகினு கீற!"

பாய் துண்டை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பதினெட்டு" என்று மட்டும் சொன்னார்.

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. வேலப்பன் மைக்கில் திருத்தம் அறிவித்தார்: "சக்கரம், மரக்கலைஞர் ரமாபாய் அவர்கள். சுவிட்ச், தோழர் அசோகன்."

வீட்டுக்கு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். என்ன சொல்லப்போகிறாரோ என்று ஒவ்வொரு படியிலும் பயந்தேன். கதவைத் திறந்ததும் கேட்டார்.

"எங்க மே கத்துக்கின?"

"ஜாக்கெட்டுக் கழுத்துல."

வயிறு குலுங்கச் சிரித்தார். கடைக்குப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தார். நல்ல மனுஷன்தான், முடிவு பண்ணாத வரைக்கும்.

பேசியபடி ரம்பம் நான் காட்டிய மூலைக்குப் போனது. அதன் பிறகு இரண்டு மாசம் சந்தோஷமாகப் போயிற்று. அவர் படம் ஒட்டித் துளை போடுவார். நான் வெட்டுவேன். பதுரக்காவுக்கு டம்ளர் விழாதபடி கம்பி வைத்த மரத் தட்டு ஒன்று செய்து கொடுத்தோம். எதிர்வீட்டு பென்னிக்கு மாதா, வேலப்பனுக்குப் போதிமர இலை. அதில் எது என்ன என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

போன வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் தேன்.

"ரமா, ரம்பம் ஓட்டுறது நீ. கண்ணு வலிக்கிறது உனக்கு. ரம்பத்த ஜன்னலாண்ட வச்சா உனக்குத்தானே நல்லது? தையல் மிஷின வேணா அப்படி ஓரமா... பாத்ரூமாண்ட..."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாரம் நான் ஓட்டுவேன். அடுத்த வாரம் கலை வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நான் சண்டை போடவில்லை.

"சரிதாங்க. ஆனா ஆடாம நிக்கணுமே. பதுரக்கா கத்துவா. எதனா போல்ட்டு கீதா?"

ஃபிட்டரிடம் போல்ட்டைக் கேட்டால் வேறென்ன வேண்டும்? அரை மணி நேரம் பாடம் நடத்தினார். ஆங்கர் போல்ட்டாம். தரையில் இறக்கி முறுக்கிவிட்டால் யானை கட்டி இழுத்தாலும் வராதாம். நாலு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை என் மிஷினைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நான் பென்சிலால் போட்ட நாலு புள்ளியிலும் அவரே டிரில் போட்டார், விசில் அடித்துக்கொண்டே. எந்தப் பக்கம் முறுக்கினால் இறுகும் என்று ஸ்பேனரைக் கொடுத்துச் சொல்லியும் கொடுத்தார். ரம்பத்தை மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து இறக்கிக்கொள்ளலாம் என்றார். புள்ளியை நான் எதை வைத்து அளந்தேன் என்று மட்டும் கேட்கவில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை. அவர் ஷிஃப்ட்டுக்குப் போனதும் என் தையல் மிஷினின் இரும்புக் கால் நான்கையும் அந்த ஓட்டைகளின் மேல் நிறுத்தினேன். அச்சாகப் பொருந்தியது. முறுக்கினேன்.

மூன்று மணிக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு குனிந்து மிஷினை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அவர் போட்ட ஓட்டை ஆயிற்றே.

"நல்லாத்தான் முறுக்கிக்கிற" என்றார். ராத்திரி சோறு சாப்பிடும்போது மட்டும் மெதுவாக, "போல்ட்டுன்னு ஒண்ணு இருந்தா கழட்டவும் செய்யலாம் மே" என்றார்.

அவர் ஃபிட்டர். கழற்றத் தெரிந்தவர். எனக்குத் தூக்கமே இல்லை. அதனால் இன்று காலையில், குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்சீல் நாலு பாக்கெட் வாங்கி வந்து, பிசைந்து, நாலு போல்ட்டின் தலையையும் உருண்டையாக மூடிவிட்டேன். இறுக நேரமாகுமாம். மூன்று மணி பஸ் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று மிஷின் முன்னால் உட்கார்ந்து, ஆடிவிடுமோ என்று தைக்கவும் பயந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.