சோம்பேறிச் சிறகுக்கு நிரந்தர வேலை

ஒரு காட்டில் ஏரி மதகைத் திறந்து மூடும் பொறுப்பைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதற்கான புரோகிராமை எழுதியது தேவானை என்ற தூக்கணாங்குருவி. தற்காலிக ஊழியர்தான். எட்டு மாதமாக ஆபீஸ் மரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்து எழுதியது. வேலை நிரந்தரமானால் அதே மரத்தில் ஒரு கிளை ஒதுக்குவார்கள். குஞ்சுகள் மழையில் நனையாது. அதற்குத்தான் அத்தனை பாடும்.

புரோகிராமில் யார் எதைத் திருத்தினாலும் அவர் பெயர் தானாகப் பதிவாகும். என்ன பெயர் என்பதை மட்டும் லேப்டாப்பில் நாம் ஒருமுறை சொல்லிவைக்க வேண்டும். தேவானைக்கு இரண்டு அக்கவுன்ட். ஆபீசுக்குச் சொந்தப் பெயரில் ஒன்று. காலேஜ் நாளில் விளையாட்டாக ஆரம்பித்த இன்னொன்றில் அதன் பெயர் 'சோம்பேறிச் சிறகு'. லேப்டாப் ஒன்றே ஒன்று. அதில் அந்தப் பழைய பெயரே கிடந்தது. கம்ப்யூட்டர் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற முட்டாள்தனம் இது.

நிரந்தரமாக்கும் நாள் வந்தது. மேனேஜர் யானை திருத்தப் பட்டியலைப் பார்த்தது.

"ஏம்மா தேவானை, எட்டு மாசத்துல உன் பேர்ல ஒண்ணுகூட இல்லையே. இந்தச் சோம்பேறிச் சிறகைப் பாரு, நானூத்திப் பன்னெண்டு திருத்தம்! லீவே போடல. மீட்டிங்ல வாயே திறக்கல."

"சார், அது நான்தான் சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. சோம்பேறிச் சிறகை நேர்ல தெரிஞ்ச ரெண்டு ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

யாருக்குத் தெரியும்? தேவானை லேப்டாப்பைத் திறந்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், பழைய பதிவுகள் அத்தனையிலும் பெயரைத் 'தேவானை' என்று மாற்றி ஏற்றிவிட்டது. பழைய பதிவில் கைவைத்தால் அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் மாறிப்போகும். அதே புரோகிராமில் வேலை பார்த்த மற்ற விலங்குகள் வைத்திருந்த பிரதி எதுவும் இதனோடு ஒத்துப்போகவில்லை. காடே கத்தியது.

ஆடிட்டர் நரி வந்து பார்த்தது.

"அடுத்தவர் உழைப்பை ஒரே மத்தியானத்துல தன் பேருக்கு மாத்தியிருக்கு சார். பாவம் சோம்பேறிச் சிறகு. வாயில்லாப் பூச்சி."

மான்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன.

அன்றே தேவானையை வேலையைவிட்டு நீக்கினார்கள். பழைய பிரதியைத் திரும்ப ஏற்றினார்கள். சோம்பேறிச் சிறகுக்கு நிரந்தர வேலையும் தெற்குப் பார்த்த கிளையும் கொடுத்து மெயில் அனுப்பினார்கள்.

மெயில் தேவானையின் லேப்டாப்புக்குத்தான் வந்தது. அது கொஞ்ச நேரம் அழுதது. பிறகு பதில் போட்டது: 'நன்றியுடன் ஏற்கிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வேண்டும். கிளையில் குஞ்சுகள் மட்டும் தங்கும்.'

"என்ன அடக்கம்!" என்று யானை உருகியது. அனுமதியோடு முதல் வேலையையும் அனுப்பியது. தேவானை செய்த மோசடியைப் பற்றி விரிவாக ஓர் அறிக்கை வேண்டுமாம்.

தேவானை தன்னைத் தானே கரித்துக்கொட்டி ஒன்பது பக்கம் எழுதியது. பேராசை, பொறாமை, பிறர் உழைப்பைத் திருடும் புத்தி என்று ஒன்றையும் விடவில்லை. லேப்டாப்பில் எந்தப் பெயர் இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பியது.

நீதி: உண்மையான உழைப்புக்கு ஒருநாள் மரியாதை கிடைத்தே தீரும், உழைத்தவர் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.