மீதியார் போட்ட பாவு

எண்ணின்மேல் இப்படி ஆசை வைத்த மனிதர் வெண்ணந்தூரில் முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை.

முப்பது வயதுகளில் நாங்கள் ஒரே கொட்டகையில் தறி நெய்தோம். அவர் சேலையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் இரண்டாயிரத்து ஐநூற்று இருபது இழை. கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார்.

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எதுல வேணா வகுத்துப் பாரு சாமி. மீதி நிக்காது. இதுக்குக் கீழ எந்த எண்ணுக்கும் அந்தக் குணம் இல்ல."

ஏழால் வகுத்தேன். முந்நூற்று அறுபது. நிற்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னை விடவில்லை.

மீதி நின்றால் அவருக்கு ஆகாது. அதனாலேயே மீதியார். சாமி தூக்க ஒற்றைப்படையில் ஆள் வந்தால் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு வருஷம் அப்படிப் போனவர் தர்மகர்த்தா.

நாற்பதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆசை நிறைய இருந்தது. குமாரபாளையத்தில் பெண் பார்க்க நாலு பேர் போனோம். தட்டில் பத்துப் பணியாரம். ஆளுக்கு இரண்டு போக இரண்டு நின்றது. பெண் வந்தாள். இவர் பணியாரத்தைப் பார்த்தார். இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு புடிச்சுதுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

வாய் நிறையப் பணியாரம். பதில் வரவில்லை. அந்த வீட்டிலிருந்து பெண்ணும் வரவில்லை.

மூன்று ஊர் இப்படிப் போயிற்று. நாலாவதுக்குத் தெம்பில்லை. "எனக்கு எழுதல சாமி" என்றார்.

எங்கள் கொட்டகையில் நூல் சுற்றியவள் ராசம்மா. முப்பது தாண்டியவள், அவளுக்கும் ஆகவில்லை. ஒருநாள் அவளிடமும் தன் எண்ணின் பெருமையைச் சொன்னார்.

"அதோட ஒண்ணு சேத்தா என்னாகுமுங்க?"

"எதுக்குச் சேக்கோணும்?"

"சும்மா கேட்டனுங்க."

அன்று அவர் தறியில் சத்தமில்லை. இரண்டால் வகுத்தார், ஒன்று நின்றது. மூன்றால், ஒன்று. ஏழு, ஒன்பது, பத்து, எல்லாவற்றிலும் ஒன்று. பொழுது சாயும்போது காய்ச்சல்காரர் மாதிரி இருந்தார்.

"எப்படிப் போட்டாலும் ஒண்ணு நிக்குது. எந்தக் கூட்டத்துலயும் சேர மாட்டேங்குது."

"என்னையாட்டம்னு சொல்லுங்க," என்றாள் ராசம்மா. ராட்டையை நிறுத்தவில்லை. "நின்னா நிக்கட்டும். உங்களுக்கென்ன நோவுது?"

மீதியார் அவளை அப்போதுதான் பார்த்தார்.

நாலாவது பெண்பார்ப்புக்கு வெளியூர் போகவில்லை. ராசம்மா வீட்டில் ஒன்று மிஞ்சும்படி பணியாரத்தை நானே எண்ணி வைத்தேன். எல்லாரும் தின்றார்கள். தட்டில் ஒன்று நின்றது. மீதியார் அதையே பார்த்தார். எடுத்தார். ராசம்மா கையில் கொடுத்தார்.

கல்யாணச் சேலையை அவரே நெய்தார். பாவில் ஓர் இழை கூடுதல். தறியின் சீப்புப் போன்ற அச்சில் கண்ணுக்கு இரண்டிரண்டாய் இழை கோத்து முடித்தபின் அது தனியே நின்றது. சிவப்புச் சாயம் தோய்த்து ஓரத்தில் ஓட்டினார்.

"என்னப்பா இது, தனியா?" என்றார் முதலாளி.

"தனியா இல்லீங்க," என்றார் மீதியார்.

பிறகு அவர் நெய்த எல்லாச் சேலையிலும் அந்தச் சிவப்பு இருந்தது. அவரும் ராசம்மாவும் இப்போது இல்லை. கடையில் சேலையை விரித்தால் என் கை முதலில் ஓரத்துக்குத்தான் போகிறது.