பூட்டுக்காரர் சிரித்த சிரிப்பு

பூட்டுக்காரர் சபையில் எழுந்து நின்றது தானம் கொடுப்பதற்காக அல்ல. மனைவி தொடையில் கிள்ளினாள். அதனால் எழுந்தார்.

அதற்குச் சற்று முன்புதான் போதகர், "நம்ம ஆர்கன் டீச்சர் படியில வழுக்கி விழுந்து முதுகு ரொம்ப மோசம். சாஞ்சு உட்கார அவங்களுக்கு ஒரு நல்ல மெத்தை நாற்காலி வேணும். யார் கொடுக்கிறீங்க?" என்று கேட்டிருந்தார். சபை முழுவதும் தரையைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பூட்டுக்காரர் "ஆ!" என்று துள்ளி எழுந்தார்.

"ஸ்தோத்திரம்! டீச்சருக்கு நாற்காலி கிடைச்சாச்சு!" என்றார் போதகர். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் பொல்லாதது. அதுவரை யாரும் அவருக்காகக் கை தட்டியதில்லை. சாவியைத் தொலைத்துவிட்டு வந்து கதவைத்தான் தட்டியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. "என் நாற்காலியையே தர்றேன்! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தர்றேன்!" என்று இன்னொரு சுற்றுக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியைப் பார்த்ததும்தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது உறைத்தது.

நாள் முழுக்கக் கடையில் குனிந்து குனிந்து பூட்டு நோண்டுகிற மனிதருக்கு அந்த நாற்காலிதான் சொர்க்கம். சாய்ந்தால் முதுகைத் தாங்கும், கழுத்தைத் தாங்கும், கடன் வாங்கியவன் மேலிருக்கும் கோபத்தைக்கூடத் தாங்கும். வாங்கும்போது அது ஜோடி. ஒன்று அவருக்கு, ஒன்று மனைவிக்கு. மனைவியின் நாற்காலியில் ஒருநாள் ஸ்பிரிங் ஒன்று மெத்தையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. "நாளைக்குச் சரி பண்ணிடலாம்" என்றார் பூட்டுக்காரர். அந்த நாளை இன்னும் வரவில்லை. நாற்காலி பின்னறைக்குப் போயிற்று. மனைவி முக்காலிக்குப் போனாள்.

"ஏம்மா, எதுக்குக் கிள்ளினே?"

"தூங்கிட்டீங்க. குறட்டை வேற."

"இப்ப நாற்காலி போகப் போகுதே!"

"எழுப்பினது நான். கொடுத்தது நீங்க. இஷ்டமில்லைன்னா அங்க போய் முகத்தைச் சுளிங்க. போன வேன்லயே திரும்பி வந்துடும்."

அந்தச் சபையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கொடுக்கிறவர் முன்னால் வந்து, எல்லோரும் பார்க்கச் சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும். முகம் கோணினால் பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாம். மனமில்லாமல் கொடுப்பது கடவுளுக்கு வேண்டாம் என்பார் போதகர். யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். ஒரு தையல்காரர் இப்படித்தான் தன் ரேடியோவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பெயர் ரேடியோ.

"நான் எதுக்குச் சுளிக்கிறேன்? நானெல்லாம் சிரிச்சுக்கிட்டே கொடுக்கிற ஆளு."

"யாரு, நீங்க? பக்கத்து வீட்டம்மா ஒரு ஆணி கேட்டப்போ, எப்பத் திருப்பித் தருவீங்கன்னு கேட்டீங்க."

"அது நல்ல ஆணி."

அதன்பின் பூட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். சுற்றி வந்தார். கடையில் ஒருவர் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தால் பூட்டிக் கொடுத்தார். வீட்டில் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் பின்னறைக் கதவு கண்ணில் பட்டது. உள்ளே இருந்தது அதே அளவு, அதே உயரம், அதே மரத்தில் செய்த மனைவியின் நாற்காலி.

"ஏம்மா, கொடுக்கிற பொருளை அப்படியே கொடுத்தா நல்லாவா இருக்கும்? கால் வரைக்கும் மூடுற மாதிரி ஒரு உறை தைச்சுக் கொடேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தைச்சுட்டாப் போச்சு" என்றாள்.

மனைவி பாட்டுப் பயிற்சிக்குப் போன சனிக்கிழமை மாலை வேலை முடிந்தது. ஸ்பிரிங் நாற்காலி புது உறை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கூடத்துக்கு வந்தது. நல்ல நாற்காலி பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னறைக்குப் போனது. கதவில் அவர் தன் கையாலேயே செய்த பூட்டைத் தொங்கவிட்டார். உலகத்தில் யாராலும் திறக்க முடியாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுகிற பூட்டு அது.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. டீச்சருக்கு முதுகு வலி. ஸ்பிரிங் இருப்பதோ சரியாக உட்காருகிற இடத்தில். "ஒரு ஸ்பிரிங்தானே, யாராவது சரி பண்ணிக் கொடுக்க மாட்டாங்களா என்ன?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல அவருடைய முதுகில் ஏதோ குத்தியது.

ஞாயிறு காலை சவரம் செய்துகொண்டே கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகினார். முதல் சிரிப்பு பல்வலி மாதிரி இருந்தது. இரண்டாவது, திருடன் மாதிரி. கூடத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது.

"என்னம்மா சத்தம்?"

"வேன்காரர் வந்திருக்கார். சேர் கதவுல இடிக்குது. நீங்க சிரிங்க."

சபைக்குப் போனார்கள். நாற்காலி முன்னால் நின்றது. இரண்டு பேர் கைத்தாங்கலாக டீச்சரை அழைத்து வந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த அந்தம்மா, பூட்டுக்காரரைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"தம்பி, உங்க சொந்த நாற்காலியாமே? எனக்குன்னு யார் செய்வா?"

பூட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. டீச்சர் திரும்பினார். மெல்ல இறங்க ஆரம்பித்தார். பூட்டுக்காரரின் கண்ணுக்கு உறை தெரியவில்லை. அடியில் பதுங்கியிருந்த ஸ்பிரிங்தான் தெரிந்தது.

"டீச்சரம்மா, உட்காராதீங்க!"

சபை திடுக்கிட்டது. ரேடியோ ஆவலோடு எழுந்து நின்றார்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி இருக்கே?" என்றார் போதகர். "திருப்பி எடுத்துக்கறீங்களா? எடுத்துக்குங்க, தப்பில்லை."

ஒரே ஒரு நொடி. அந்த நொடியில் பூட்டுக்காரர் தன் மானத்தையும் பார்த்தார், டீச்சரின் முதுகையும் பார்த்தார். மானம் போனால் போகிறது, ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலி என்று ஒரு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று துணிந்து, "ஆமாங்கய்யா, அந்தச் சேர்..." என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

பூட்டுக்காரர் கண்ணை இறுக மூடினார். அலறல் வரவில்லை. நீளமான ஒரு பெருமூச்சுதான் வந்தது.

"அப்பாடா!" என்றார் டீச்சர். "எத்தனை நாளாச்சு இப்படிச் சாஞ்சு! வலியே தெரியலையே!"

பூட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். டீச்சரின் முகத்தில் சுருக்கங்களெல்லாம் அவிழ்ந்து, அந்தம்மா குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பூட்டுக்காரரின் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கண்ணாடி முன்னால் பழகியது எதுவும் அதில் இல்லை. கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற வேன்காரரைக் கட்டிக்கொண்டார்.

"கொடுக்கிற முகம்னா இதுதான்!" என்றார் போதகர். சபை ஓயாமல் தட்டியது. ரேடியோ உட்கார்ந்துவிட்டார்.

ஸ்பிரிங் தானாகவே அமுங்கிப் போயிருக்கிறது, எல்லாம் கடவுள் செயல் என்று விசிலடித்தபடி வீட்டுக்கு வந்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்து, நாற்காலியை இழுத்து வந்து கூடத்தில் போட்டு, போர்வையை உருவி, கையை விரித்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயோ!"

சமையலறையிலிருந்து மனைவி நிதானமாக வந்தாள்.

"குத்துதா?"

"இது... இது எப்படி... பூட்டு பூட்டினபடியே இருந்துச்சே!"

"கல்யாணமான புதுசுல ஹேர்பின்னால பூட்டைத் திறந்து காட்டி என்னை மயக்கப் பார்த்தீங்களே, நினைவிருக்கா? நான் மயங்கலை. கத்துக்கிட்டேன்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ஆணிக்கே அழுத மனுஷன் சேருக்கு உறை தைக்கச் சொன்னா, தெரியாதா? மாத்தி வச்சது வேன்காரரும் நானும்தான்."

"இப்பவே போய் என் சேரைத் திருப்பி வாங்கிட்டு வரேன்!"

"போங்க. முகத்தைச் சுளிச்சிருந்தாலாவது கேட்கலாம். கண்ணுல தண்ணி வர்ற மாதிரியில்ல சிரிச்சீங்க?"

பூட்டுக்காரர் கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் பாதியில் நின்றது. டீச்சரின் அந்த முகம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. ஏமாந்தது உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பும் உண்மைதான். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஒரு ஸ்பிரிங்தானே" என்றாள் மனைவி. "பூட்டுக்குள்ள எத்தனை ஸ்பிரிங் மாட்டுறீங்க?"

இனி தான் உட்காரப் போகிற நாற்காலி என்பதால் பூட்டுக்காரர் கடைச் சாமான்களையெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்பிரிங்கைக் கழற்றி, வளைத்து, கட்டி, மேலே பஞ்சு வைத்து மெத்தையைத் தைத்தார். அழுத்திப் பார்த்தார். சொர்க்கம் திரும்பி வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார்.

நாற்காலியில் மனைவி காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"அது..." என்றார் பூட்டுக்காரர்.

"ஜோடியில இது என்னோடதுங்க. மறந்துட்டீங்களா?" அவள் கண்ணைத் திறக்கவில்லை. "கொடுக்க மனசில்லைன்னா முகத்தைச் சுளிங்க. எழுந்துடறேன்."

அவர் சிரித்தார். இந்தத் தடவை கண்ணாடி முன்னால் பழகிய சிரிப்புதான் கைகொடுத்தது. முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரப் போனார்.

"பார்த்துங்க, அதுல ஒரு கால் ஆடும்" என்றாள் மனைவி. "நாளைக்குச் சரி பண்ணிடலாம்."